கம்பிவழிப் பேச்சும் மாத்திரைக் கணக்கும்

மனிதனுக்குக் கண் இரண்டு, செவி இரண்டு, வாய் ஒன்றே. ஒரு வாயினால் ஒரே வேளையில் ஈரெழுத்துக்களை ஒலித்தல் எவர்க்கும் இயலாது. "அம்மா" என்று அழைக்கும் குழந்தையின் நாவில் அகரம் முன்னே வர, மகரமெய் அடுத்து வர, மாகாரம் இறுதியில் வருகின்றது. முன்னும் பின்னுமாக வந்த இவ்வொலிகளைக் கேட்பவரின் செவி வாங்கி ஒரு சொல்லாகத் தொகுத்துக்கொள்கின்றது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒலிகளைப் பிரித்தறிவதற்கு ஓர் அளவு வேண்டும். அவ்வளவையே நம் இலக்கண ஆசிரியர்கள் மாத்திரை என்றனர். இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது கீழ்வகுப்பு மாணாக்கனும் அறிந்த கணக்கு. அளவு மாறினாற் பொருள் மாறும். "கல்" நீண்டாற் "கால்" ஆகிவிடும். "பல்" நீண்டாற் "பால்" ஆகிவிடும்.

பொறிகளுக்கும் இவ்விலக்கணம் உண்டு என்பதை யான் அறிந்தது மாணாக்கன் ஒருவனாலேயாம். தமிழ் கற்பிக்கும் ஒருவன் இலத்திரனியல் எழுதப் புகுந்தமைக்கு அந்நிகழ்ச்சியே காரணமாகலின், அதனை முதலிற் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

பொல்பிட்டியவை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த அம்மாணாக்கன், தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்திலே சிறு மின்சுற்றுப் பலகையொன்றை வாங்கியிருந்தான். வெப்பநிலையை அளந்து அதனைக் கணினித் திரையில் எழுத்தாகக் காட்டுதல் அவன் நோக்கம். பலகையைக் கணினியோடு இணைத்தபோது திரையிலே எண்கள் தோன்றவில்லை; சதுரங்களும் பொருளற்ற குறிகளுமே தோன்றின. வல்லவர் எனப்பட்ட ஒருவர் பார்த்துவிட்டு, "பலகை பழுது, எறிந்துவிடு" என்றாராம். பையன் முகம் வாடி என்னிடம் வந்து, "சேர், அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றான். எனக்கு அக்கலை தெரியாது. எனினும் இருவரும் அமர்ந்து, பலகையோடு வந்த கைந்நூலைச் சொல்லுக்குச் சொல் பொருள்கண்டு வாசித்தோம். இரண்டாம் நாள் மாலையிற் பழுது புலப்பட்டது. பழுது பலகையிலும் இல்லை, கணினியிலும் இல்லை. பேசியது ஒரு மாத்திரையில். கேட்டது வேறொரு மாத்திரையில். அளவை ஒன்றாக்கியவுடன் திரையில் 24 என்னும் எண் தெளிவாக வந்து நின்றது.

அன்று கற்றதனையும் அதன்பின் தேடி அறிந்ததனையும் இம்மலரிலே பழைய மாணவர்க்கும் இன்றைய மாணாக்கர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

வரிசையிற் செல்லும் நீர்

பொல்பிட்டிய என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது 1969ஆம் ஆண்டிலே தொழிற்படத் தொடங்கிய நீர்மின் நிலையமாகும். சமனல மின் நிலையம் எனவும் அது வழங்கப்படும். இலங்கையின் நீர்வளத்தினால் மின்னாக்கல் கூடும் என 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்துக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள். அவர் கண்ட கனவு களனி கங்கையின் தலையாறுகளிலே படிப்படியாக நனவாயிற்று. கெஹெல்கமு ஓயாவின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கி, 1965ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே அமைந்த நோர்ட்டன் நிலையத்தைச் சுழற்றி, அடுத்து 1950ஆம் ஆண்டின் பழைய லக்சபான நிலையத்தைச் சுழற்றுகின்றது. மஸ்கெலி ஓயாவின் நீரோ மவுசாகலை நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கி, 1983ஆம் ஆண்டிலே தொடங்கிய கன்யன் நிலையத்தையும் 1974ஆம் ஆண்டின் புதிய லக்சபான நிலையத்தையும் சுழற்றுகின்றது. ஈராற்று நீரும் லக்சபான அணையிலே ஒன்றுகூடி, சுரங்கவழியே பொல்பிட்டியவை அடைகின்றன.

நீர் இங்ஙனம் நிலையந்தோறும் வரிசைமுறையிலே செல்கின்றமையால், மேலே நிகழ்வது கீழே உள்ளோர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மேல்நிலையம் விடும் நீரின் அளவும், குளத்தின் மட்டமும், எந்திரத்தின் வேகமும் உரிய காலத்திலே அறியப்படாவிடிற் கீழ்நிலையத்தார் செய்வதறியாது திகைப்பர். ஆகவே மின்னாக்கும் கலைக்குச் செய்தி அனுப்பும் கலை இன்றியமையாத துணையாயிற்று.

தப்பு முதல் தந்தி வரை

செய்தியை அனுப்ப இருவழிகள் உண்டு. எட்டுத் துண்டுகள் கொண்ட செய்தியை எட்டுக் கம்பிகளின் வழியே ஒருங்கே அனுப்புதல் ஒன்று. இது சமாந்தர முறை. எட்டினையும் ஒரே கம்பியின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புதல் மற்றொன்று. இது தொடர்நிலை முறை. முன்னையது விரைவானது, ஆயின் கம்பி மிகும், செலவு மிகும், தூரம் கூடினால் எட்டுத் துண்டுகளும் ஒரே கணத்திற் போய்ச் சேரா. பின்னையது சிக்கனமானது, ஆயின் காலக் கணக்கினைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுதல் வேண்டும்.

மலைநாட்டார்க்கு இம்முறை புதிதன்று. விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்கு ஆளழைக்கத் தோட்டங்களிலே தப்பு அடித்தனர். தப்பு ஒன்றே, அடியும் ஒவ்வொன்றாகவே விழும். எனினும் வேலைக்கு அழைக்கும் அடி வேறு, சாவறிவிக்கும் அடி வேறு என்பதை லயத்திலே துயில்வோரும் கேட்டமாத்திரத்தில் அறிந்தனர். அடிகளுக்கு இடையே விடப்பட்ட காலமே அவ்வேறுபாட்டினை உணர்த்திற்று.

1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இணைக்கப்பட்டபோது அதே முறை மின்னின் துணையைப் பெற்றது. தந்தியடிப்போரும் கேட்போரும் பயின்ற கையையும் பயின்ற செவியையுமே நம்பியிருந்தனர். 1874ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு எமில் போடோ என்பார், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒத்த நீளமுள்ள ஐந்து துண்டுகளை வகுத்துப் பொறியே அனுப்பவும் பொறியே வாங்கவும் வழிகண்டார். கம்பியிலே ஒரு செக்கனில் எத்தனை துண்டுகள் செல்கின்றன என்பதைக் குறிக்கும் "போட்" என்னும் அளவு அவர் பெயரால் வழங்குவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஒவ்வோர் எழுத்தின் முன்னும் "தொடங்கு" என ஒரு குறியும் பின்னும் "நில்" என ஒரு குறியும் சேர்க்கும் வழக்கம் தந்தியச்சுப் பொறிகளில் வந்தது. இன்றைய சில்லுகள் பின்பற்றுவதும் அவ்வழக்கத்தையே.

கணக்கனும் எழுத்தனும்

இலக்கச் சமிக்ஞைச் செயலி என்பது 1980களின் முற்பகுதியிலிருந்து சந்தைக்கு வந்த ஒருவகை நுண்செயலியாகும். பெருக்குதல், பெருக்கியதைக் கூட்டுதல் ஆகிய இரண்டினையும் மிக விரைந்து செய்தலே அதன் தனித்திறன். நம் வீட்டு மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 முறை அலைவது; ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். அவ்வலையைப் பலமுறை அளந்து, அளந்தவற்றைப் பெருக்கிக் கூட்டி, அழுத்தம் இவ்வளவு, ஓட்டம் இவ்வளவு, வலு இவ்வளவு என உடனுக்குடன் கணிக்கும் வேலைக்கு இச்செயலி மிகவும் பொருத்தமானது. ஆகலின் மின்மானி, காப்புக் கருவி, மோட்டர்க் கட்டுப்பாடு முதலியவற்றில் இஃது இடம்பெற்றது.

இச்செயலிக்குப் பேச்சினால் வரும் இடர் ஒன்றுண்டு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ரி.எம்.எஸ்.320 எப் 2812 என்னும் சில்லினை எடுத்துக்கொள்வோம். அதன் மணித்துடிப்பு செக்கனுக்கு 15 கோடி. செக்கனுக்கு 9600 துண்டுகள் என்னும் வேகத்திலே ஓர் எழுத்தை அனுப்பப் பத்துத் துண்டுகள் வேண்டுமாயின், அதற்கு ஏறத்தாழ 1.04 மில்லிசெக்கன் செல்லும். அந்நேரத்திற் செயலியின் நாடி 1,56,250 முறை துடித்துவிடும். கோடிக்கணக்கிற் கணக்கிடவல்ல கணக்கன், ஓர் எழுத்து வெளியேறும்வரை கைகட்டி நிற்பது தகுமோ? தகாதாகலின், கணக்கனுக்கு உதவியாக எழுத்தன் ஒருவனையும் அதே சில்லினுள்ளே அமர்த்தினர். அவ்வெழுத்தனே "தொடர்நிலைத் தொடர்பாடல் இடைமுகம்" எனப்படுவது. ஆங்கில முதலெழுத்துக்களால் எஸ்.சி.ஐ. என்பர். கணக்கன் ஓர் எழுத்தை எழுத்தன் கையிற் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புவான். எழுத்தன் அதனைத் துண்டு துண்டாகக் கம்பியிலே விட்டபின், "அடுத்ததைத் தருக" என மணியடிப்பான். வெளியிலிருந்து எழுத்து வந்து சேர்ந்தாலும், "எடுத்துக்கொள்க" என மணியடிப்பான். எப் 2812 சில்லில் 16 எழுத்துக்கள் வரை வரிசையிற் காத்திருக்கக்கூடிய தட்டுக்களும் இருபக்கமும் உண்டு.

கம்பியிலே காணும் சமிக்ஞைகள்

இவ்வெழுத்தனுக்கு வெளியே நீட்டிய முனைகள் மிகச் சிலவே. அனுப்புமுனை ஒன்று, பெறுமுனை ஒன்று. இருகருவிகளை இணைக்கும்போது ஒன்றன் அனுப்புமுனையை மற்றதன் பெறுமுனையோடு குறுக்காக இணைத்தல் வேண்டும்; ஒருவர் வாய்க்கு எதிரே மற்றவர் செவி இருத்தல்போல. வாய்க்கு வாயை இணைத்துவிட்டு "செய்தி வரவில்லையே" என ஏங்கும் மாணாக்கர் பலர். இவற்றோடு இருவர்க்கும் பொதுவான தரைக்கம்பியும் வேண்டும். அஃதின்றேல் உயரம் எது, தாழ்வு எது என அளக்க அடிநிலை இல்லாமற் போகும்.

மோட்டறோலா நிறுவனத்தின் 56000 வரிசைச் செயலிகளில் மூன்றாவது முனையும் உண்டு. அது காலத்துடிப்பு முனை. அம்முனையைப் பயன்படுத்தும்போது அனுப்புபவர் எழுத்துடன் தாளத்தையும் சேர்த்தே அனுப்புகின்றார். கேட்பவர்க்குத் தம் மணிக்கூடு வேண்டியதில்லை. இஃது ஒத்தியங்கு முறை. தாளம் அனுப்பப்படாத முறையிலோ இருவரும் தத்தம் மணிக்கூட்டையே நம்பவேண்டும். நம் மாணாக்கனின் பலகை அம்முறையைச் சேர்ந்தது.

இனி ஓரெழுத்து எங்ஙனம் செல்கின்றது என்பதைக் காண்போம். பேச்சில்லாத வேளையிற் கம்பி உயர்நிலையில், அஃதாவது 1 என்னும் நிலையில் இருக்கும். எழுத்துத் தொடங்கும்போது ஒரு மாத்திரை அளவு 0 ஆகத் தாழும். இது தொடக்கப் பிற்று. பின்னர் எழுத்தின் பிற்றுக்கள் சிறியதிலிருந்து பெரியது நோக்கி வரும். இறுதியில் ஒரு மாத்திரையோ இரண்டோ 1 ஆக உயர்ந்து நிற்கும். இது முடிவுப் பிற்று. ஆங்கில நெடுங்கணக்கின் முதலாம் பேரெழுத்துக்குக் குறியெண் 65, இருமத்தில் 01000001. கம்பியிலே முதலில் தொடக்கப் பிற்றாகிய 0, அடுத்து 1, 0, 0, 0, 0, 0, 1, 0, ஈற்றில் முடிவுப் பிற்றாகிய 1 என அது செல்லும். ஆகப் பத்து மாத்திரை. இப்பத்தினையும் சேர்த்துச் சட்டகம் என்பர்.

சில்லினுள்ளே 0 என்பது ஏறக்குறையச் சுழி வோல்ற்று; எப் 2812 போன்றவற்றில் 1 என்பது 3.3 வோல்ற்று. கணினிகளுக்கு வெளியே கருவிகளை இணைப்பதற்காக 1960ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்திலோ நிலைமை தலைகீழ். அதில் 1 என்பது மறை 3 முதல் மறை 15 வோல்ற்று வரை. 0 என்பது நேர் 3 முதல் நேர் 15 வரை. இரண்டையும் நேரே இணைத்தாற் சில்லுக்குத் தீங்கு நேரும். இடையே மொழிபெயர்ப்பாளர் போன்ற ஒரு மாற்றிச் சில்லு நிற்றல் வேண்டும்.

நொடியைப் பகுத்தல்

கைந்நொடிப்பதாகிய ஒரு மாத்திரையையும் பழைய இலக்கணகாரர் விட்டுவைத்தாரில்லை. நொடிக்க எண்ணுதல் கால், விரலை ஊன்றுதல் அரை, முறுக்குதல் முக்கால், விடுத்தல் ஒன்று என அதனை நான்காகப் பகுத்தனர். எப் 2812 சில்லின் எழுத்தன் ஒரு பிற்றுக் காலத்தை எட்டாகப் பகுக்கின்றான். கம்பி 1இலிருந்து 0 ஆகத் தாழ்ந்தவுடன் அவன் விழித்துக்கொள்வான். ஆயின் உடனே நம்பான். தொடர்ந்து நான்கு பகுதிவரை 0 நிலைத்திருந்தாலே அதனைத் தொடக்கப் பிற்று என ஏற்பான். அவ்வளவு நில்லாதது இரைச்சல் எனக் கழிக்கப்படும். பின்வரும் ஒவ்வொரு பிற்றையும் அதன் நடுப்பகுதியாகிய நான்காம், ஐந்தாம், ஆறாம் கூறுகளில் மும்முறை பார்ப்பான். மூன்றில் இரண்டு எதுவோ அதனையே உண்மை எனக் கொள்வான். ஓரங்களிலே பார்த்தால் முன்பிற்றும் பின்பிற்றும் மயங்கும். நடுவிற் பார்த்தாற் பிழை குறையும்.

வேகத்தை நிறுவும் கணக்கும் எளிதே. இவ்விடைமுகத்துக்கு வழங்கும் துடிப்புச் செக்கனுக்கு 3,75,00,000 எனக் கொள்வோம். அதனை 8 ஆலும், வேண்டிய வேகமாகிய 9600 ஆலும் வகுத்தால் 488.28 வரும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தபின் முழு எண்ணாகிய 487ஐ உரிய பதிவகத்தில் எழுதுதல் வேண்டும். கிடைக்கும் உண்மை வேகம் ஏறத்தாழ 9606. பிழை நூற்றுக்கு 0.06 அளவே. அதே துடிப்பிலே 1,15,200 என்னும் வேகத்தை நாடினாலோ 40 என எழுதவேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 1,14,329. பிழை நூற்றுக்கு முக்காலை எட்டிவிடும்.

எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? பத்துப் பிற்றுச் சட்டகத்திலே முடிவுப் பிற்றின் நடுவிடம் தொடக்கத்திலிருந்து ஒன்பதரை மாத்திரைத் தூரத்தில் உள்ளது. அங்குச் சென்றடையும்போது இருவர் மணிக்கூட்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மாத்திரையைத் தாண்டலாகாது. அரையை ஒன்பதரையால் வகுத்தால் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். இஃது இருபக்கப் பிழையும் சேர்ந்த எல்லை. நடைமுறையில் இதனினும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வர். ஒன்று கவனிக்கத்தக்கது. அடுத்த எழுத்தின் தொடக்கப் பிற்று வந்தவுடன் கேட்பவன் தன் கணக்கைப் புதிதாகத் தொடங்குகின்றான். முன்னெழுத்திலே சேர்ந்த பிழை பின்னெழுத்தைத் தொடுவதில்லை. ஆயிரம் எழுத்துக்கள் சென்றாலும் பொறுக்கவேண்டிய பிழை ஓரெழுத்தின் பிழையே.

பையனின் பலகை பேசியது என்ன?

இப்பொழுது நம் மாணாக்கனின் பலகைக்குத் திரும்புவோம். பலகை 4800 வேகத்திற் பேசிற்று. கணினி 9600 வேகத்திற் கேட்டது. அஃதாவது பேசியவரின் ஒரு மாத்திரை கேட்டவர்க்கு இரண்டாகத் தோன்றிற்று. முற்கூறிய 65 என்னும் எண்ணையே பலகை அனுப்பியதாகக் கொள்வோம். நீண்ட தொடக்கப் பிற்றின் முற்பாதியைத் தொடக்கமென்றும், பிற்பாதியை முதலாம் பிற்றாகிய 0 என்றும் கணினி கொள்ளும். அடுத்து வந்த ஒரு 1 இரண்டு 1களாகப் படிக்கப்படும். அதன்பின் ஐந்து இடங்களில் 0. முடிவிலே கணினிக்குக் கிடைத்த எண் 6. மேலும், முடிவுப் பிற்றாகிய 1 நிற்கவேண்டிய இடத்திலே 0 நின்றது. "கல்" என்றதைக் "கால்" எனக் கேட்டதனோடு அமையாது, வாக்கியம் முடியுமுன்னே முடிந்தது எனக் கருதியமையும் சேர்ந்த பிழை இது.

இந்நிலையை எழுத்தன் தானே உணர்ந்து கூறுவான் என்பதை அன்று யாம் அறிந்திலோம். முடிவுப் பிற்று உரிய இடத்தில் இல்லாவிடிற் சட்டகப் பிழை எனக் கொடி உயர்த்துவான். முன் வந்த எழுத்தைக் கணக்கன் எடுக்குமுன் அடுத்தது வந்து அதனை அழித்தால் மேலெழுதற் பிழை. முடிவுப் பிற்று தவறியபின்னும் கம்பி பத்துப் பிற்றுக்காலமேனும் தாழ்ந்தே கிடந்தால், பேச்சு முறிந்தது எனக் கூறுவான். சமநிலைப் பிழை என்பது மற்றொன்று. எழுத்தோடு ஒரு மிகைப் பிற்றைச் சேர்த்து, 1களின் தொகை இரட்டையாக இருக்குமாறு அனுப்பினால், வழியிலே ஒரு பிற்று மாறினும் தொகை ஒற்றையாகிக் காட்டிக்கொடுக்கும். ஆயின் இரு பிற்றுக்கள் ஒருங்கே மாறினால் தொகை மீண்டும் இரட்டையாகும்; பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே நீர்மட்டம், மின்னளவு போன்ற முதன்மையான செய்திகளை அனுப்புவோர் எழுத்துக்கு எழுத்துச் சமநிலை பார்ப்பதனோடு நில்லாது, செய்தி முழுவதற்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் ஈற்றிற் சேர்ப்பர்.

இக்கொடிகளைப் பார்த்திருந்தால் இரண்டு நாட் கவலை இரண்டு நிமிடத்திலே தீர்ந்திருக்கும். "பழுது" என்று சொல்லுமுன் என்ன பிழை எனக் கேட்டல் வேண்டும். சட்டகப் பிழை ஓயாது வருமாயின் முதலில் ஐயுறவேண்டியது மாத்திரையையே.

எட்டாம் பிற்றும் தமிழெழுத்தும்

தமிழாசிரியன் சொல்லாது விடலாகாத செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்களுக்கு ஏழு பிற்றுக்களே போதியனவாயிருந்தன. ஆகலின் ஏழு பிற்றோடு ஒரு சமநிலைப் பிற்றுச் சேர்த்து அனுப்பும் வழக்கம் பரவிற்று. இன்று தமிழ் ஒருங்குறியிலே, யூ.ரி.எப்.-8 என்னும் முறையில் அனுப்பப்படும்போது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைற்றுக்கள் வேண்டும். "அ" என்பது 11100000, 10101110, 10000101 என மூன்றாகச் செல்லும். மூன்று சட்டகம், முப்பது மாத்திரை; 9600 வேகத்தில் 3 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். "க்" என்னும் மெய்யோ ககரமும் புள்ளியுமாக இரு குறியீடுகளாதலின் ஆறு பைற்றுக் கேட்கும். இலக்கணத்திலே அரை மாத்திரை பெற்ற மெய், கம்பியிலே ஒரு மாத்திரை பெற்ற அகரத்தினும் இருமடங்கு நேரம் கொள்கின்றது!

இம்மூன்று பைற்றுக்களிலும் எட்டாம் பிற்று 1 ஆக இருத்தலைக் காண்க. இடைமுகத்தை ஏழு பிற்றுக்கு அமைத்துவிட்டால் அந்த 1 தறிக்கப்படும். அகரம் ஒரு சாய்ந்த மேற்குறியாகவும், ஒரு முற்றுப்புள்ளியாகவும், கண்ணுக்குத் தோன்றாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியாகவும் சிதைந்து போகும். பொறி தமிழை வெறுத்ததன்று. எட்டாம் பிற்றுக்கு இடம் வைக்காது அமைத்தவரின் கவனக்குறைவே அது. எட்டுப் பிற்று என அமைத்தால் அதே கம்பியிலே தமிழ் தடையின்றிச் செல்லும். நம் மாணாக்கர் தாம் ஆக்கும் கருவிகளில் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

பெயர் கூப்பிடுதல்

இருவர் பேசுவது ஒருபுறமிருக்க, ஒரே கம்பியிற் பலர் இருந்தால் யாது செய்வது? 1983ஆம் ஆண்டில் நியமமாகிய ஆர்.எஸ்.-485 முறையிலே ஓர் இணைக்கம்பியில் 32 கருவிகள் வரை, 1200 மீற்றர்த் தூரம் வரை இணைக்கலாம். பிரட்டுக்களத்திற் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது எல்லோரும் கேட்பர். பெயர்க்குரியவரே மறுமொழி தருவர். எப் 2812 சில்லின் இடைமுகமும் அவ்வாறே தொழிற்படும். வருவது பெயரா செய்தியா என்பதை உணர்த்த ஒரு மிகைப் பிற்று உண்டு. அது 1 ஆயின் பெயர். உறங்கும் கருவிகள் பெயர் வரும்போது மட்டும் விழித்துப் பார்த்து, தம் பெயரன்றெனின் மீண்டும் உறங்கும். மற்றொரு முறையில், பத்துப் பிற்றுக்காலமோ அதற்கு மேலோ கம்பி அமைதியாயிருந்தால் அடுத்து வருவது பெயர் எனக் கொள்ளப்படும். 1979ஆம் ஆண்டிலே தோன்றித் தொழிற்சாலைகளில் இன்றும் வழங்கும் மொட்பஸ் என்னும் நெறிமுறையும், மூன்றரை எழுத்துக் கால மௌனத்தைச் செய்திக்கும் செய்திக்கும் இடையே எல்லையாக வைத்துள்ளது. பேச்சைப் போலவே மௌனமும் அளந்து பேணப்படுகின்றது.

பல மின்மானிகளில் ஒளித்துளை வழியே கணக்கு வாசிக்கும் முறையொன்று உண்டு. வாசிக்கும் கருவியும் மானியும் முதலிற் செக்கனுக்கு 300 பிற்று என்னும் ஆமை வேகத்திலேயே பேச்சைத் தொடங்கும். "என்னால் இவ்வளவு வேகத்திற் பேசவியலும்" என மானி அறிவிக்கும். வாசிக்கும் கருவி இணங்கும். அதன்பின்னரே இருவரும் வேகத்தைக் கூட்டுவர். வல்லவன் தன் வேகத்தை எடுத்தவுடன் காட்டாது, எல்லோர்க்கும் இயலும் வேகத்தில் முதற்சொல்லைச் சொல்லுதல் நல்ல ஒழுங்கு.

வகுப்பறைக்கு ஒரு சொல்

இதனை அறிந்த நாள்முதல் வகுப்பிலே என் நடை சிறிது மாறியுள்ளது. பின்வரிசையில் விழித்துக்கொண்டிருக்கும் மாணாக்கனைப் பார்த்து, "இவன் மண்டையில் ஏறாது" என்று முன்னர் எண்ணியதுண்டு. பலகையைப் பார்த்து "பழுது" என்றவர் செய்த தவறும் யான் செய்த தவறும் ஒன்றே. இன்று முதலிற் கேட்பது, யான் பேசிய மாத்திரையும் அவன் கேட்ட மாத்திரையும் ஒன்றா என்பதே. மெல்லத் தொடங்கி, இணக்கம் கண்டு, பின் விரைந்தாற் பலர் உடன்வருகின்றனர்.

அப்பலகை இன்றும் அவன் வீட்டிலே தொழிற்படுகின்றது. அதன் திரையிலே "வெப்பநிலை" என்னும் சொல்லைத் தமிழிலேயே தோன்றச் செய்துள்ளான். வேகமும் எட்டுப் பிற்றும் தன் கையால் அமைத்தவை என அவன் தாய்க்கு எடுத்துக் கூறியபோது யானும் உடனிருந்தேன். நம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியற்றுறையிலே உயர்ந்தோர் பலர். அவர்கள் விடுமுறையில் ஊர் வரும்போது இத்தகைய பிள்ளைகளோடு ஒரு மாலைப்பொழுது அமர்வார்களாயின், எறியப்படவிருக்கும் பலகைகள் பல பிழைக்கும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.